தானுந்துத் தொங்கல் அமைப்பைத் தாழ்த்துதல்

தானுந்துத் தொங்கல் அமைப்பைத் தாழ்த்துதல் என்பது, தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சுருள்விற்களை நீக்கிவிட்டு அவற்றினும் குட்டையான சுருள்விற்களைப் பொருத்தி, தானுந்தின் உடற்பகுதிக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உயரத்தைக் குறைக்கும் வேலையாகும். தொங்கல் அமைப்பு பேச்சு வழக்கில் சஸ்பென்சன் என்றும், சுருள்வில் ஸ்பிரிங் என்றும், அதிர்வுறிஞ்சி ஷாக் அப்சார்பர் என்றும் அழைக்கப்படுகின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவ்வேலையைப் பலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே செய்து கொள்கின்றனர்.

வேலை முடிந்த பின் தோன்றும் சிக்கல்களுள் பெரும்பாலானவை புதிய சுருள்வில்லின் குறையால் ஏற்படுவன அல்ல. புஷ்கள், ஸ்டியரிங் கம்பிகள், பிரேக் அழுத்தத்தைப் பகிரும் வால்வு, முகப்பு விளக்குகள் ஆகிய அனைத்தும் பழைய உயரத்திற்கென அமைக்கப்பட்டவை. உயரம் மாறிய பின் அவற்றை மீண்டும் அமைக்காமல் விடுவதே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணமாகும். இவற்றுள் சில வெறும் இரைச்சலோடு நிற்பவை. சில உயிருக்கு ஊறு விளைவிப்பவை. இவ்விரண்டையும் பிரித்தறிவது வீட்டில் இவ்வேலையைச் செய்வோருக்கு இன்றியமையாதது.

வரலாறு

பந்தயத் தானுந்துகளில் வளைவுகளை விரைவாகக் கடக்கும் பொருட்டு உடற்பகுதி தாழ்வாக அமைக்கப்பட்டது. சாலையில் ஓடும் தானுந்துகளைத் தோற்றத்திற்காகத் தாழ்த்தும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பரவியது. அங்கு வாழ்ந்த மெக்சிக்க அமெரிக்கர்களிடையே இது லோரைடர் எனப்படும் தனிப் பண்பாடாக வளர்ந்தது. தொடக்கத்தில் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றியும் சுருள்விற்களை வெட்டியும் உயரத்தைக் குறைத்தனர். சக்கர விளிம்பின் அடிமட்டத்தைவிட வாகனத்தின் எப்பகுதியும் தாழ்ந்திருக்குமாறு மாற்றியமைப்பதை அம்மாநில வாகனச் சட்டத்தின் 24008 ஆம் பிரிவு 1958 முதல் தடை செய்தது. வேண்டியபோது உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய நீரழுத்த அமைப்பை ரான் அகிரே என்பவர் 1959 இல் தம் கார்வெட் தானுந்தில் பொருத்தியது இத்தடையைத் தவிர்க்கும் வழியாக அமைந்தது. இத்தடை 2024 சனவரி முதல் நீக்கப்பட்டது.

ஐரோப்பாவில் இவ்வழக்கம் வோக்ஸ்வேகன் கோல்ஃப் போன்ற சிறிய தானுந்துகளை ஒட்டி வளர்ந்தது. 1974 இல் வெளியான முதல் தலைமுறைக் கோல்ஃபின் விரைவு வகையான ஜிடிஐ, 1976 இல் தொழிற்சாலையிலேயே தாழ்த்தப்பட்ட தொங்கல் அமைப்புடன் விற்பனைக்கு வந்தது. செருமனியின் ஐபாக், எச் அண்டு ஆர் ஆகிய நிறுவனங்கள் தாழ்த்தும் சுருள்விற்களைத் தயாரிப்பதில் பரவலாக அறியப்பட்டவை.

அமைப்பு

இக்கட்டுரையில் நான்காம் தலைமுறைக் கோல்ஃபின் முன்சக்கர இயக்க வகை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. 1997 இல் வெளியான இதன் முன்புறத்தில் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பும் பின்புறத்தில் முறுக்கு அச்சும் உள்ளன. சிறிய தானுந்துகள் பலவற்றில் இதே ஏற்பாடு காணப்படுவதால், கீழே கூறப்படுவன அவற்றுக்கும் பெரிதும் பொருந்தும்.

மெக்பர்சன் ஸ்ட்ரட், எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்கப்படுகிறது. 1950 இல் இலண்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் ஆகிய தானுந்துகள் இவ்வமைப்பைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தியவற்றுள் அடங்கும். இதில் அதிர்வுறிஞ்சியும் அதைச் சுற்றியுள்ள சுருள்வில்லும் ஒரே தூணாக அமைகின்றன. தூணின் அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் எனப்படும் வார்ப்புடன் இறுக்கப்படுகிறது. மேற்பகுதி ஒரு பேரிங்கின் வழியாக உடற்பகுதியில் பொருத்தப்படுகிறது. ஸ்டியரிங் திரும்பும்போது தூண் முழுவதும் அந்தப் பேரிங்கில் சுழல்கிறது. நக்கிளின் அடிப்பகுதியை ஒரு கீழ்க்கை தாங்குகிறது. கீழ்க்கையின் வெளிமுனையில் பால் ஜாயிண்டும் உள்முனையில் இரப்பர் புஷ்களும் உள்ளன.

பின்புறத்தில் இரு பக்கச் சக்கரங்களும் முறுக்குத்தன்மை கொண்ட ஒரே அச்சால் இணைக்கப்பட்டுள்ளன. நான்காம் தலைமுறைக் கோல்ஃபில் பின்புறச் சுருள்வில்லும் அதிர்வுறிஞ்சியும் தனித்தனியாக இருப்பதால், முன்புறத்தைவிடப் பின்புற வேலை எளிது.

உயரம் குறையும்போது மாறுவன

தாழ்த்தும் சுருள்விற்கள் பொதுவாக 25 முதல் 40 மி.மீ. வரை உயரத்தைக் குறைக்கின்றன. இதன் பயன் பலரும் எண்ணுவதைவிடச் சிறியது. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருக்கும் தானுந்தில் அது 30 மி.மீ. தாழ்ந்தால், வளைவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறும் எடை ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே குறைகிறது. மாறாக, பின்வரும் மாற்றங்கள் உடனே ஏற்படுகின்றன.

• சக்கரம் மேலேறக் கிடைக்கும் இடைவெளி குறைகிறது. முன்பு 80 மி.மீ. இருந்தால், 35 மி.மீ. தாழ்த்திய பின் 45 மி.மீ. மட்டுமே எஞ்சும். அதனால் புதிய சுருள்வில் கூடுதல் விறைப்புடன் செய்யப்படுகிறது.
• சக்கரத்தின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்கிறது. இச்சாய்வு கேம்பர் எனப்படும்.
• ஸ்டியரிங் கம்பியும் கீழ்க்கையும் வெவ்வேறு வட்ட வில்களில் நகர்வதால், மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் நோக்கும் திசை மாறுகிறது. இது டோ எனப்படும்.
• கீழ்க்கையின் வெளிமுனை மேல்நோக்கி நகர்கிறது. அது உள்முனையைவிட மேலே சென்றுவிட்டால், தானுந்து எப்புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அப்புள்ளி, புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாகத் தாழ்கிறது. அதனால் மிகையாகத் தாழ்த்தப்பட்ட தானுந்து, வளைவில் முன்னைவிடக் கூடுதலாகச் சாயவும் கூடும்.

முன்னேற்பாடு

வேலையைத் தொடங்கும் முன் உயரத்தை அளந்து குறித்து வைத்தல் வேண்டும். தரைக்கும் உடலுக்கும் இடையே அளந்தால் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்து அளவு மாறும். ஆகவே சமதளத்தில் தானுந்தை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலேயுள்ள சக்கர வளைவின் விளிம்பு வரை நான்கு சக்கரங்களிலும் அளத்தல் நன்று. இந்நான்கு எண்கள் இல்லாவிடில், பின்னர் ஒரு பக்கம் உயர்ந்து காணப்படும்போது அது புதிய குறையா, பழைய குறையா என்று கூற இயலாது. பழைய தானுந்துகளில் இடத்திற்கும் வலத்திற்கும் சில மி.மீ. வேறுபாடு முன்பே இருத்தல் இயல்பு.

மறைகள் அனைத்திற்கும் துருநீக்கி எண்ணெயை முதல் நாளே இடுவது வேலையை எளிதாக்கும். பல ஐரோப்பியத் தானுந்துகளில் தொங்கல் அமைப்பின் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்குவதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்குப் புதியன வாங்கி வைத்தல் வேண்டும். தூணின் மேற்புறப் பேரிங், தூசு உறை, இரப்பர் தடுப்பு ஆகியன தேய்ந்திருந்தால் அவற்றையும் இதே வேளையில் மாற்றலாம். அதிர்வுறிஞ்சி எண்ணெய் கசிந்திருந்தால், அதன்மீது விறைப்பான புதிய சுருள்வில்லைப் பொருத்துவதால் பயனில்லை.

சுருள்வில்லின் ஆற்றலும் பாதுகாப்பும்

தூணில் உள்ள சுருள்வில், தானுந்தைத் தூக்கிய நிலையிலும் அமுக்கப்பட்டே இருக்கிறது. தூணின் உச்சியிலுள்ள நட்டு ஒன்றே அதைப் பிடித்து வைத்துள்ளது. ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் விசை வேண்டிய சுருள்வில்லை 150 மி.மீ. அமுக்கினால், அது 3000 நியூட்டன் விசையுடன் தள்ளும். இது ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு நிகரானது. அதில் தேங்கியுள்ள ஆற்றல் 225 ஜூல் ஆகும். 23 கிலோ எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றலுக்கு இது சமம். இவ்வாற்றல் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வெளிப்பட்டால் கையோ முகமோ சிதையும்; உயிரிழப்பும் நேரலாம். எனவே சுருள்வில் முழுமையாக அமுக்கப்பட்டு, அதன் இருக்கையிலிருந்து தளர்ந்துள்ளது என்று உறுதி செய்யும் வரை உச்சி நட்டைக் கழற்றுதல் கூடாது.

அமுக்குவதற்கு ஸ்பிரிங் கம்பிரசர் எனப்படும் கருவி பயன்படுகிறது. இரு தண்டுகள் கொண்ட வகையில், அவற்றைச் சுருள்வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாகக் கையால் திருக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தொடர்ந்து திருகினால் சுருள்வில் வளைந்து கொக்கி நழுவும். சுருள்வில்லின் முனைகளுக்கு நேர் எதிரே முகத்தையோ உடலையோ வைத்தல் கூடாது.

தானுந்தின் அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்புதல் கூடாது. உடற்பகுதியின் வலுவான இடங்களில் ஜாக்கி ஸ்டாண்டுகளை வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தல் வேண்டும். செங்கல், சிமெண்டுக் கல் ஆகியன சுமையில் திடீரென நொறுங்கக் கூடியவை.

கழற்றும்போது எழும் சிக்கல்கள்

உச்சி நட்டுடன் தண்டும் சேர்ந்து சுழலுதல்: இது மிகப் பரவலான சிக்கலாகும். தண்டின் உச்சியில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயைச் செருகித் தண்டை அசையாமல் பிடித்துக் கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி வைத்தால் பின்னர் எளிதாகும். அதற்கு மேல் தளர்த்துதல் கூடாது. தண்டின் பளபளப்பான பகுதியைக் குறட்டால் பிடித்தால் கீறல் விழும். அக்கீறல் எண்ணெய் அடைப்பைக் கிழித்து, சில வாரங்களில் அதிர்வுறிஞ்சியைக் கசியச் செய்யும்.

தூண் நக்கிளிலிருந்து வெளிவராமை: நான்காம் தலைமுறைக் கோல்ஃபில் தூணின் அடிப்பகுதி நக்கிளின் பிளவுள்ள துளைக்குள் இறுகியிருக்கும். போல்ட்டைக் கழற்றிய பின்னும் துரு அதைப் பிடித்திருக்கும். பிளவை விரிப்பதற்கென்று உள்ள கருவியைச் செருகிக் கால் சுற்றுத் திருப்பி, நக்கிளைக் கீழ்நோக்கி அசைத்தால் தூண் விடுபடும். உளியை அடித்துப் பிளவை மிகையாக விரித்தால் வார்ப்பு வெடிக்கலாம்.

சாய்வுத் தடுப்புத் தண்டின் இணைப்புக் கம்பி வெளிவராமை: ஒரு பக்கச் சக்கரம் மட்டும் தொங்கினால் அத்தண்டு முறுக்குண்டு இணைப்பை இழுத்துப் பிடிக்கும். இரு முன்சக்கரங்களையும் ஒரே உயரத்தில் தொங்கவிட்டால் இழுவிசை நீங்கும். பால் ஜாயிண்டின் தண்டு நட்டுடன் சுழன்றால், அதையும் ஆலன் கீயால் பிடித்துக் கொள்ள வேண்டும்.

பிரேக் குழாயும் இயக்கு தண்டும் இழுபடுதல்: தூண் வெளிவந்ததும் நக்கிள் வெளிப்புறமாகச் சாயும். அதைக் கயிற்றால் கட்டி வைக்காவிடில் பிரேக் குழாயும், சக்கர வேகத்தை உணரும் ஏபிஎஸ் கம்பியும் இழுபடும். இயக்கு தண்டின் உள்முனை மூட்டு பிரிந்து விடவும் கூடும். வேலை முடிந்ததும் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், முதலில் பார்க்க வேண்டியது இக்கம்பியையும் அதன் இணைப்பையுமே.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

சுருள்வில்லின் முனை, இருக்கையிலுள்ள படியைத் தொட்டு நிற்க வேண்டும். ஒரு விரற்கடை தள்ளியிருந்தாலும், ஓடத் தொடங்கியதும் சுருள்வில் தானே சுழன்று அவ்விடத்தில் சென்று விழும். அப்போது பலத்த ஒலி எழும். முன்புறத்திற்கும் பின்புறத்திற்கும் உரியவை மாறாமலும், மேல் கீழ் தலைகீழாகாமலும் இருக்க உற்பத்தியாளரின் குறிப்பைப் பார்த்தல் வேண்டும். சுற்றுகள் நெருக்கமாக உள்ள முனை எங்கே வரவேண்டும் என்பது வகைக்கு வகை மாறுபடும்.

தூணின் உச்சியில் பேரிங், இருக்கை, வாஷர்கள் ஆகியவற்றின் வரிசை மாறுவது மற்றொரு பொதுவான தவறாகும். கழற்றும்போதே பாகங்களை வெளிவந்த வரிசையில் ஒரு பலகையில் அடுக்கி வைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

இரப்பர் தடுப்பைக் குறிப்பிட்ட அளவு வெட்டிச் சிறிதாக்குமாறு சில உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர், சிலர் கூறுவதில்லை. அக்குறிப்பையே பின்பற்ற வேண்டும். வெட்டச் சொன்ன இடத்தில் வெட்டாவிட்டால் தானுந்து தடுப்பின் மீதே அமர்ந்து ஓடும். முழுவதுமாக நீக்கிவிட்டால் அதிர்வுறிஞ்சியின் உட்பகுதி உலோகத்தோடு உலோகம் மோதி உடையும்.

புதிய சுருள்வில் குட்டையானது என்பதால், அதைப் பொருத்தச் சிறிதளவே அமுக்க வேண்டியிருக்கும். ஆனால் சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் அதைக் கையால் அசைக்கவோ சுழற்றவோ முடிந்தால், வேலையை அத்துடன் நிறுத்த வேண்டும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அது இருக்கையை விட்டு விலகிவிடும். குறைந்த நீட்சியுள்ள அதிர்வுறிஞ்சியைப் பயன்படுத்துவதே இதற்குத் தீர்வு.

போல்ட்டுகளை உற்பத்தியாளர் கூறும் அளவிற்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். இரப்பர் புஷ்களின் வழியாகச் செல்லும் போல்ட்டுகளை மட்டும், சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்குதல் கூடாது. அதன் காரணம் அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

பொருத்திய பின் தோன்றும் சிக்கல்கள்

உயரம் எதிர்பார்த்த அளவு குறையாமை

கீழ்க்கையிலும் பின் அச்சிலும் உள்ள புஷ்களில், இரப்பர் உள் உருளையோடும் வெளி உருளையோடும் ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கும்போது உள் உருளை அசையாது பிடிக்கப்படுகிறது; அதன்பின் கை அசைவதெல்லாம் இரப்பரின் முறுக்கத்தாலேயே. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், தானுந்தைத் தரையில் இறக்கியதும் இரப்பர் பெருமளவு முறுக்குண்டு ஒரு கூடுதல் வில்லைப் போல உடலை மேலே தள்ளும். அதனால் தானுந்து உயர்ந்து நிற்கும். சில மாதங்களில் இரப்பர் கிழிந்து, உயரம் ஒரு பக்கமாகக் குறையும்.

தானுந்தைச் சாய்மேடைகளின் மீது ஏற்றி, சக்கரங்களின் மீது முழு எடையும் இருக்கும் நிலையில் இப்போல்ட்டுகளைத் தளர்த்தி, உடலை மேலும் கீழும் சிலமுறை அசைத்துவிட்டு மீண்டும் இறுக்குவதே தீர்வாகும். பலர் சுருள்வில்லைக் குறை கூறித் திருப்பி அனுப்புவதற்கு முன் இதைச் செய்து பார்த்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர்களில் இருக்கைகள் படிந்து சில மி.மீ. மேலும் தாழ்வது இயல்பு. அதன்பின்னரே இறுதி உயரத்தை அளத்தல் வேண்டும்.

ஒலிகள்

• நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது விட்டுவிட்டு எழும் ஒலி: மேற்புறப் பேரிங் தவறாகப் பொருந்தியிருத்தல் அல்லது சுருள்வில் படியில் அமராமை. மற்றொருவர் மெதுவாகத் திருப்பும்போது வெளிச் சுற்றின் மீது கையை வைத்தால், சுருள்வில் முறுக்குண்டு துள்ளுவதை உணரலாம். சுற்றுகளின் இடையே விரலை நுழைத்தல் கூடாது.
• சிறு மேடுபள்ளங்களில் கடகடவென்னும் ஒலி: இணைப்புக் கம்பியின் நட்டு அல்லது உச்சி நட்டு தளர்ந்திருத்தல்.
• வேகத்தடையைக் கடந்து சக்கரம் இறங்கும்போது ஒற்றை இடி: சுருள்வில் இருக்கையை விட்டு விலகுதல்.
• புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒற்றை இடி: கீழ்க்கையின் போல்ட்டோ பால் ஜாயிண்டோ தளர்ந்திருத்தல்.

இறுதி இரண்டு ஒலிகளும் ஆபத்தின் அறிகுறிகள். அவை கேட்டால் தானுந்தை ஓட்டுவதை உடனே நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். எவ்வொலியும் இல்லாவிடினும் ஏறத்தாழ 100 கி.மீ. ஓடிய பின் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபார்த்தல் நல்லது. சக்கர நட்டுகளும் இதில் அடங்கும்.

கடினமான ஓட்டமும் குதித்தலும்

ஒவ்வொரு மேட்டிலும் அடி விழுவது போலத் தோன்றினால், தானுந்து இரப்பர் தடுப்பில் மோதுகிறது எனலாம். இதை உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு. அதிர்வுறிஞ்சியின் தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைத் தண்டு கீறாதவாறு மாட்டி, அதை உருளையின் வாயை ஒட்டித் தள்ளி வைத்து ஓட்டிப் பார்க்கலாம். தண்டு எவ்வளவு உள்ளே சென்றது என்பதை நகர்ந்த பட்டை காட்டும். அது தடுப்பைத் தொட்டிருந்தால் தடுப்பின் அளவையோ அதிர்வுறிஞ்சியின் வகையையோ மாற்ற வேண்டும்.

மேட்டைக் கடந்த பின் உடல் இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஆடினால், விறைப்பான சுருள்வில்லை அடக்கும் வலு பழைய அதிர்வுறிஞ்சிக்கு இல்லை என்பது பொருள். இதற்குப் புதிய அதிர்வுறிஞ்சியே தீர்வு.

ஒரு பக்கம் இழுத்தலும் டயர் தேய்வும்

தாழ்த்திய பின் டயரின் உள்விளிம்பு விரைந்து தேய்ந்தால் பலரும் கேம்பரையே காரணமாகக் கருதுகின்றனர். பெரும்பாலும் அதைவிடப் பெரிய காரணம் டோவே ஆகும். 600 மி.மீ. விட்டமுள்ள இரு முன்டயர்களின் முன்புற இடைவெளியும் பின்புற இடைவெளியும் 3 மி.மீ. வேறுபட்டால், ஒவ்வொரு சக்கரமும் 600 மி.மீ. நீளத்திற்கு 1.5 மி.மீ. திசை மாறி நிற்கிறது. நேராக ஓடும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 2.5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் இது 25 கி.மீ. ஆகிறது. ஆகவே தாழ்த்திய பின் வீல் அலைன்மெண்ட் செய்வது தவிர்க்க இயலாதது. சுருள்வில் படிந்த பின்னரும், புஷ்களைச் சரியான நிலையில் இறுக்கிய பின்னரும் இதைச் செய்தல் வேண்டும். முன்னரே செய்தால் அமைத்த அளவு மீண்டும் மாறிவிடும்.

தானுந்து ஒரு பக்கமாக இழுத்தால், திசைக்குறியில்லாத டயர்களாயின் முன்டயர்களை இடம் வலமாக மாற்றிப் பார்க்கலாம். இழுக்கும் திசையும் மாறினால் குறை டயரில் உள்ளது. மாறாவிடில் இரு பக்கக் கேம்பரின் வேறுபாட்டையோ, பற்றிக் கொண்ட பிரேக்கையோ தேட வேண்டும்.

உரசுதல்

சக்கர வளைவின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் பூசிவிட்டு ஓட்டினால், டயர் உரசும் இடம் அழிந்து காட்டும். ஆளில்லாமல் நேராக ஓட்டிப் பார்ப்பது போதாது. பின்னிருக்கையில் ஆட்களை ஏற்றியும், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பியும் காலியிடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தல் வேண்டும். டயர் பிரேக் குழாயையோ ஏபிஎஸ் கம்பியையோ தொடுவது தெரிந்தால், அதைச் சரிசெய்யும் வரை சாலைக்குச் செல்லுதல் கூடாது.

பிரேக்

சில பழைய தானுந்துகளில், பின்சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வு ஒன்று உண்டு. உடலுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள உயரத்தை ஒரு நெம்புகோல் அல்லது சிறு வில்லின் மூலம் இது உணர்கிறது. உயரம் குறைந்தால் சுமை ஏற்றப்பட்டுள்ளது என்று கொண்டு பின்புற அழுத்தத்தைக் கூட்டுகிறது. தானுந்தைத் தாழ்த்தினால், அது காலியாக இருக்கும்போதும் இவ்வால்வு சுமை உள்ளதாகவே கொள்ளும். அந்நிலையில் திடீரென பிரேக் பிடித்தால் முன்சக்கரங்களுக்கு முன்பே பின்சக்கரங்கள் பூட்டிக் கொள்ளும். தானுந்து தன்னைத்தானே சுற்றிக் கொள்ளும். ஈரமான சாலையில் இது மேலும் எளிதாக நிகழும்.

இச்சிக்கல் ஒலி எதையும் எழுப்புவதில்லை. இயல்பான ஓட்டத்தில் வெளிப்படுவதும் இல்லை. முதன்முறை தெரியவரும் தருணம் பெரும்பாலும் அவசரமாக நிறுத்த வேண்டிய தருணமாகவே இருக்கும். ஆகவே பின் அச்சின் அருகே இத்தகைய வால்வு உள்ளதா என்று வேலைக்கு முன்பே பார்த்து, இருந்தால் பணிமனைக் கையேட்டின்படி புதிய உயரத்திற்கு அமைத்து, உருளைச் சோதனைக் கருவி உள்ள பணிமனையில் பிரேக்கைச் சரிபார்த்தல் வேண்டும். மின்னணு முறையில் பிரேக் விசையைப் பகிரும் ஏபிஎஸ் கொண்ட தானுந்துகளில் பொதுவாக இவ்வால்வு இருப்பதில்லை.

முகப்பு விளக்கும் உணரிகளும்

நான்கு பக்கமும் சமமாகத் தாழ்ந்தால் முகப்பு விளக்கின் சாய்வு மாறாது. முன்புறம் பின்புறத்தைவிட 20 மி.மீ. கூடுதலாகத் தாழ்ந்தால், அச்சுகளின் இடைவெளி 2500 மி.மீ. உள்ள தானுந்தில் ஒளிக்கற்றை 25 மீட்டர் தொலைவில் 200 மி.மீ. கீழிறங்கும்; இரவில் சாலை தெரியும் தொலைவு குறையும். பின்புறம் கூடுதலாகத் தாழ்ந்தால் ஒளி எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். தானாக உயரம் அமையும் விளக்குகள் கொண்ட தானுந்துகளில், அச்சோடு இணைந்த உயர உணரியையும் புதிய நிலைக்கு மீளமைக்க வேண்டும். அண்மைக்காலத் தானுந்துகளில் ஸ்டியரிங் கோண உணரி, முன்கண்ணாடியிலுள்ள ஒளிப்படக் கருவி ஆகியவற்றுக்கும் மீளமைப்புத் தேவைப்படலாம்.

சுருள்வில்லை வெட்டுதல்

செலவைக் குறைக்கும் பொருட்டுப் பழைய சுருள்வில்லை வெட்டிக் குட்டையாக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. சுருள்வில்லின் விறைப்பு, இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமைவது. 6 சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 1.2 மடங்காகும். எனினும் வெட்டிய முனை இருக்கையில் சரியாக அமர்வதில்லை. சக்கரம் தொங்கும்போது சுருள்வில் தளர்ந்துவிடுகிறது. தீயால் சூடாக்கித் தாழ்த்துதல் இதனினும் தீயது. சூட்டால் எஃகு தன் பதத்தை இழந்து, ஓட்டத்தின்போது தொய்யவோ முறியவோ செய்யும்.

சட்ட நிலை

தாழ்த்துதல் குறித்த விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. செருமனியில் தொங்கல் அமைப்பில் செய்யும் மாற்றத்திற்கு உரிய தொழில்நுட்பச் சான்று வேண்டும். பொருத்திய பின் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வாளரிடம் காட்டி ஒப்புதல் பெறுதலும் வேண்டும். ஒப்புதல் பெறாத மாற்றத்தால் சாலையில் ஓட்டும் உரிமம் இல்லாது போகலாம். பிரித்தானியாவில் எம்ஓடி எனப்படும் ஆண்டுச் சோதனையில், முறிந்த அல்லது இருக்கையில் சரியாக அமராத சுருள்வில் குறையாகக் கொள்ளப்படுகிறது. பல நாடுகளில் மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவிக்காவிடில், விபத்திற்குப் பின் இழப்பீடு மறுக்கப்படலாம். ஆகவே சுருள்வில்லை வாங்கும் முன்பே தம் நாட்டின் விதியை அறிந்து கொள்ளுதல் நன்று.